கடலூர்ப் பிள்ளைக்கு எந்த ஒலிம்பியாட்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் சிபிஎஸ்இ பள்ளியில் 9ஆம் வகுப்பு, அறிவியல் என்றால் உயிர். பள்ளியில் ‘ஒலிம்பியாட்’ என்று ஒரு தாளைக் கொடுத்துப் பணம் கட்டச் சொல்கிறார்களாம். உலக அளவில் நடக்கும் ஒலிம்பியாட் இதுதானா? எழுதினால் நீட் தேர்வுக்கு உதவுமா? புதுச்சேரியில் கோச்சிங் சேர்க்க வேண்டுமா? கூடவே இன்னொன்றும் கேட்கிறார்: பண்ருட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் 8ஆம் வகுப்பு படிக்கும் தம்பி மகனுக்கு ஏதாவது தேர்வு உண்டா?

புதுச்சேரியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். இதே கேள்வியை வருஷா வருஷம் பெற்றோர் கூட்டத்தில் கேட்பார்கள். பெரிய பதிலாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தத் தாள். பெரும்பாலும் அது தனியார் நிறுவனம் நடத்துவதாக இருக்கும். 1ஆம் வகுப்பிலிருந்து 12 வரை வகுப்புவாரியாகத் தேர்வு, பள்ளியிலேயே எழுதலாம், வகுப்பில் முதலில் வந்தால் ஒரு பதக்கம். அதில் குற்றமொன்றும் இல்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு பயம் போகும். ஆனால் அதில் எத்தனை பதக்கம் வாங்கினாலும் இந்திய அணிக்குப் போகிற வழி அங்கே கிடையாது, கல்லூரிச் சேர்க்கையில் அதற்கென்று இடமும் இல்லை. தாளைத் திருப்பிப் பாருங்கள்: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதில் தேர்வு உண்டு என்றால் இது வேறு சமாச்சாரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிஜமான ஏணி இப்படிப் போகிறது. முதல் படியை நடத்துவது இந்திய இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம். ஐஏபிடி என்றால் தெரியும். 1984இல் ஆசிரியர்களே சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் என்று நான்கு தேர்வுகள் மேல்நிலைப் பிள்ளைகளுக்கு. 10ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு ஜூனியர் சயின்ஸ் என்று ஒன்று. என்எஸ்இஜேஎஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். உங்கள் மகளுக்கு உரியது இதுதான். எல்லாமே நவம்பர் மாதத்தில் நடக்கும், பதிவு ஆகஸ்ட் - செப்டம்பர் வாக்கில். கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஜூனியருக்கு வகுப்போடு வயது வரம்பும் உண்டு. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் எந்தத் தேதிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது படியிலிருந்து மும்பை மான்கூர்டில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பார்த்துக்கொள்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு பிரிவு அது. முதல் தேர்வில் தேறியவர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் தேசிய ஒலிம்பியாட் எழுதுவார்கள். அதிலிருந்து சில பத்துப் பேர் மட்டும் மும்பை முகாமுக்கு. முகாமிலிருந்து அணி: இயற்பியலுக்கு 5 பேர், வேதியியலுக்கும் உயிரியலுக்கும் 4 பேர், வானியலுக்கு 5, ஜூனியருக்கு 6. உலக இயற்பியல் ஒலிம்பியாட் 1967இல் வார்சாவில் தொடங்கியது; நாம் 1998இல்தான் போய்ச் சேர்ந்தோம். தாமதமாகப் போனாலும் 2018இல் லிஸ்பனில் போன ஐந்து பேரும் தங்கம் வாங்கினார்கள்.

முதல் படித் தேர்வு இரண்டு மணி நேரம், 60 கேள்விகள், மொத்தம் 216 மதிப்பெண். இதில் 48 கேள்விகளுக்கு ஒரே விடை: சரி என்றால் 3, தவறு என்றால் ஒரு மதிப்பெண் போகும். மீதி 12 கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 6. இங்கே நெகட்டிவ் கிடையாது, ஆனால் சரியான விடைகள் அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். தெரியாத பிள்ளைகள் முதல் பகுதியிலேயே நேரத்தைத் தின்றுவிட்டு இந்த 72 மதிப்பெண்ணைத் தொடாமல் வருவார்கள்.

தேர்ச்சிக்கு என்று நிலையான மதிப்பெண் இல்லை. அந்த ஆண்டு நாட்டிலேயே முதல் பத்து மதிப்பெண்களின் சராசரியில் பாதியாவது எடுத்திருக்க வேண்டும் என்பது அடிப்படைத் தகுதி. அதற்கு மேல் மாநிலவாரியாக இடம் பிரிப்பார்கள். அடிப்படைத் தகுதியைத் தொட்டவர் இருந்தால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் ஒருவராவது போக வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறார்கள். புதுச்சேரி மாதிரி சின்ன இடத்துக்கு இது பெரிய விஷயம், இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, இனி கேள்விக்கு வருவோம். இந்தத் தேர்வு உங்கள் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பதை மதிப்பெண் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது, கேள்வியைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் ஒன்றைச் சொல்கிறேன், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டிருக்கிறோம். ஜூன் 21 அன்று உச்சி வேளையில் அதன் நிழல் எந்தப் பக்கம் விழும், எவ்வளவு நீளம்?

சூரியன் தெற்கே இருக்கும், நிழல் வடக்கே விழும் என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள்தான் அதிகம். கடலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11.75 டிகிரியில் இருக்கிறது. ஜூன் 21 அன்று சூரியன் 23.4 டிகிரி வடக்கு வரை போய்விடும். அதாவது நம் தலைக்கு மேலிருந்து சுமார் 11.7 டிகிரி வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும், நீளம் 21 சென்டிமீட்டர் வாக்கில். டிசம்பர் 22க்கு இதையே கேளுங்கள்: சூரியன் 35 டிகிரி தெற்கே, நிழல் வடக்கே 70 சென்டிமீட்டர். அப்புறம் அடுத்த கேள்வி தானாக வரும்: அப்படியென்றால் நடுவில் எப்போதோ நிழல் இல்லாமலே போகுமே? போகும். நம் பக்கம் ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும் போகும். டெல்லியில் இது நடக்குமா? நடக்காது, 28.6 டிகிரி வரை சூரியன் போவதே இல்லை. இன்னும் ஒரு படி: டிசம்பர் 22 மாதிரி ஒரே நாளில் கடலூரிலும் டெல்லியிலும் உச்சி வேளை நிழலை அளந்தால் இரண்டு கோணங்களுக்கும் உள்ள வித்தியாசம் 17 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வடக்கு தெற்காக இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 1,870 கிலோமீட்டர். 360 டிகிரிக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இதில் 10ஆம் வகுப்புக் கணக்கைத் தாண்டி எதுவும் இல்லை. இருந்தும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். விடை சொன்ன பிறகு சில பிள்ளைகள் நோட்டை மூடிவிடும். சில பிள்ளைகள் “அப்போ சென்னையில எந்தத் தேதி சார்?” என்று கேட்கும். அந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வந்தால் பதிவு செய்துவிடுங்கள். வரவில்லை என்றாலும் கவலை இல்லை, மருத்துவம் பொறியியல் எதற்கும் அதனால் தடை கிடையாது.

நீட்டோடு இருக்கிற உறவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீட் 180 நிமிடத்தில் 180 கேள்வி. கேள்விக்கு ஒரு நிமிடம். உலக இயற்பியல் ஒலிம்பியாடின் எழுத்துத் தேர்வு ஐந்து மணி நேரத்தில் மூன்றே கேள்வி. ஒன்று பார்த்ததும் தெரிந்துகொள்ளும் வேகத்தைக் கேட்கிறது, மற்றது தெரியாததோடு உட்கார்ந்திருக்கும் பொறுமையைக் கேட்கிறது. ஆகவே ஒலிம்பியாட் எழுதினால் நீட் மதிப்பெண் ஏறும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். 9, 10ஆம் வகுப்பில் எழுதுவதால் நட்டமும் இல்லை, அடிப்படை கெட்டிப்படும். 12ஆம் வகுப்பில் நீட்டையும் ஒலிம்பியாடையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்பது என் கருத்து. மருத்துவம்தான் கனவு என்றால் 11ஆம் வகுப்பில் உயிரியல் தேர்வை ஒரு முறை எழுதட்டும், அது போதும். ஜிப்மர் உட்பட எல்லா எம்பிபிஎஸ் இடங்களும் 2020இலிருந்து நீட் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. ஒலிம்பியாட் பதக்கத்துக்கு அங்கே கதவு இல்லை.

வேறு இடங்களில் கதவு திறக்கிறது. சென்னை ஐஐடியும் கான்பூர் ஐஐடியும் 2025-26 கல்வியாண்டிலிருந்து ஒலிம்பியாடில் மேல்கட்டம் வரை போனவர்களுக்கென்று சில இடங்கள் வைத்திருக்கின்றன. சில இடங்கள்தான். அதை நம்பி ஒலிம்பியாடுக்கு இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

படிப்பது எப்படி? என்சிஇஆர்டி 9, 10 அறிவியலை வரி விடாமல் முடிக்க வேண்டும். அதற்கு மேல் 11ஆம் வகுப்புப் புத்தகத்தில் இயக்கவியல், மோல் கணக்கு, செல், இந்த மூன்றையும் எட்டிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலின் 11ஆம் வகுப்பு இயற்பியலும் இதற்கு நன்றாகவே உதவும், பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பிறகு பழைய கேள்வித்தாள்கள். தேசிய ஒலிம்பியாட் தாள்கள் விடைகளோடு ஹோமி பாபா மையத்தின் தளத்தில் இருக்கின்றன, ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பது படிப்பு ஆகாது. வாரத்துக்கு மூன்று கணக்கு போதும். ஒரு கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி, முடியாமல், மூன்றாம் நாள் விடையைத் திறந்தால் அது ஆயுசுக்கும் மறக்காது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வழிப் பிள்ளைகள் இந்தப் பாதையில் போக நினைத்தால் 9ஆம் வகுப்பிலிருந்தே ஆங்கிலக் கேள்விகளை வாசித்துப் பழக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகப் போட்டியில் ஒவ்வொரு நாட்டு அணித் தலைவர்களும் முந்தின நாள் ராத்திரி கண்விழித்துக் கேள்வித்தாளைத் தங்கள் பிள்ளைகளின் மொழியில் பெயர்த்துக் கொடுக்கிறார்கள். ஜப்பான் பையன் ஜப்பானிய மொழியில்தான் எழுதுகிறான். உச்சிப் படியில் இருக்கிற வசதி அடிப்படியில் இல்லை.

அப்புறம் செய்முறை. பெற்றோர் யாரும் கேட்காத விஷயம் இது, எனக்கோ இதுதான் முக்கியம். இயற்பியல் ஒலிம்பியாடில் 50இல் 20 மதிப்பெண் செய்முறைக்கு, வேதியியலில் நூற்றுக்கு 40. ஜூனியரில் மூன்று பேர் கொண்ட குழுவாகச் செய்முறை செய்ய வேண்டும். நம் பள்ளிகளில் 9, 10ஆம் வகுப்பு ஆய்வகம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு மீட்டர் நூல், நுனியில் ஒரு நட்டு, மொபைலில் ஸ்டாப்வாட்ச். ஊசல் ஒரு முறை போய் வர இரண்டு விநாடி ஆகும். நம் விரல் அழுத்துவதில் 0.2 விநாடி பிசகும் என்று வையுங்கள். ஒரே ஆட்டத்தை அளந்தால் பத்து சதவீதம் பிழை, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும்போது அது இருபது சதவீதமாகப் பெருகும், ஏனென்றால் நேரத்தின் வர்க்கம் சூத்திரத்தில் வருகிறது. இருபது ஆட்டத்தைச் சேர்த்து அளந்து இருபதால் வகுத்தால் பிழை அரை சதவீதம், விடையில் ஒரு சதவீதம். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி ஆறேழு முறை அளந்து, நீளத்துக்கு எதிராக நேரத்தின் வர்க்கத்தை வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு வரும். கோடு கீழே தொடக்கப் புள்ளி வழியாகப் போகாமல் கொஞ்சம் தள்ளிப் போனால் ஏன் என்று யோசிக்கச் சொல்லுங்கள். நட்டின் நடுப்பகுதி வரை அளக்காமல் நூலை மட்டும் அளந்திருப்பாள். சிபிஎஸ்இ பள்ளியில் இதை 11ஆம் வகுப்பில்தான் செய்வார்கள், அதுவும் பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டில்.

உயிரியல் ஆசை இருந்தால் பிச்சாவரம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. படகு சவாரி மட்டும் போய்விட்டு வராதீர்கள். வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்கும். அதன் இலைகள் உப்பை வெளியே தள்ளும். சுரபுன்னை உப்பைப் பெரும்பகுதி வேரிலேயே தடுத்துவிடுகிறது. இரண்டும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன, ஏன் இரண்டு வழி, எந்த வழிக்கு என்ன செலவு, இலையை நாக்கில் வைத்தால் எதில் கரிக்கும்? உயிரியல் ஒலிம்பியாட் கேள்விகள் இந்த ரகம். உறுப்புகளின் பெயர்ப் பட்டியலை அங்கே யாரும் கேட்பதில்லை.

வானியலுக்குப் புதுச்சேரியை விட்டால் வேறு ஊர் வேண்டாம் என்று நான் சொல்வதுண்டு, கொஞ்சம் ஊர்ப் பாசமும் இருக்கட்டும். சூரியனை வெள்ளி கடப்பதை வெவ்வேறு ஊர்களிலிருந்து அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கலாம். அதற்காகவே லெ ஜான்தீ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே வந்தார். 1761இல் கப்பல் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடலிலேயே மாட்டிக்கொண்டு அளக்க முடியாமல் போயிற்று. எட்டு வருஷம் இந்தப் பக்கமே காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தால், அந்த நேரம் பார்த்து மேகம். ஆனால் அவர் இங்கே தமிழ் முறையில் கிரகணம் கணிப்பதைக் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தமிழ்க் கணிப்பு சொன்னதில் 41 விநாடிதான் பிசகு. ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி பிசகியது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, வெள்ளி கடக்கும் கணக்கைப் போடச் சொன்னால் பிள்ளைகள் போடுவார்கள். லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன, கடலூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம்.

கோச்சிங் பற்றி: ஜூனியர் தேர்வுக்கு வேண்டாம். 9ஆம் வகுப்புப் பிள்ளையைத் தினமும் சாயங்காலம் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் அனுப்பி, ராத்திரி திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்க வைத்தால், மேலே சொன்ன இரண்டு நாள் மல்லுக்கட்டுக்கு நேரம் எங்கே இருக்கிறது? முதல் படியைத் தாண்டித் தேசிய ஒலிம்பியாடுக்கு வந்தால் அப்போது ஒரு கல்லூரி ஆசிரியரின் உதவியைத் தேடுங்கள். ஆர்வமான பிள்ளை என்றால் மாட்டேன் என்று சொல்கிற பேராசிரியர்கள் குறைவு.

பழைய கைடுகளையும் உறவினர் ஆலோசனையையும் கொஞ்சம் வடிகட்டுங்கள். கேவிபிஒய் என்ற அறிவியல் உதவித்தொகைத் தேர்வு 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. என்டிஎஸ்இ என்ற தேசியத் திறனறித் தேர்வு 2021க்குப் பிறகு நடக்கவில்லை. இன்னும் அவற்றுக்குப் புத்தகம் விற்கிறார்கள்.

தம்பி மகனுக்கு வருகிறேன். அவனுக்கு ஒலிம்பியாடைவிட முதலில் என்எம்எம்எஸ். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8ஆம் வகுப்பு படிப்பவர்களுக்கு மட்டும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு மட்டும் 6,695 இடங்கள். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, தமிழிலேயே எழுதலாம். படிப்பறிவுத் தாளில் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் தலா 35, கணக்குக்கு 20. கிராமத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது மனத்திறனில். எண் தொடர், கடிகாரம், உருவப் பொருத்தம் என்று தினம் பத்துக் கணக்கு போட்டால் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: தேறிய பிறகு தனியார் பள்ளிக்கு மாற்றினால் உதவித்தொகை நின்றுவிடும்.

9ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்தான், ஆனால் மாவட்டத்துக்கு ஐம்பது பையன்கள் ஐம்பது பெண்கள் என்பதால் எழுதிப் பார்க்கலாம். பிறகு அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்து படித்தால் தமிழ்நாடு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. இது 2023இல் வந்தது. 9, 10ஆம் வகுப்புப் பாடங்களிலிருந்து கேள்விகள். ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆகஸ்ட் வந்ததும் ஐஏபிடி தளத்தில் பதிவு செய்யும்போது வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் சென்டராகத் தேர்ந்தெடுங்கள். நவம்பர் கடைசி என்றால் கடலூரில் எப்படிப்பட்ட மழை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், காலையில் கெடிலம் பாலத்தைத் தாண்டித் தூரம் போகிற சென்டர் வேண்டாம். தம்பி மகனுக்கு வருமானச் சான்றிதழும் அவன் பெயரில் வங்கிக் கணக்கும் தேவைப்படும்; விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும் என்பதால் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே எச்.எம்மைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.